என் தோலில் ஒரு பூக்கோவா

மகனே,

என் தோலின் படம் வந்து சேர்ந்தது. கைத்தொலைபேசித் திரையில் சாம்பல் நிறத்தில், நிலவின் தரையைப் படம் பிடித்தது போல ஏதோ தெரிந்தது. கீழே நீ இரண்டே சொற்கள் எழுதியிருந்தாய்: “இது நீங்கள்.” என்னைப் பலரும் படம் பிடித்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு எடுத்த படம் இன்னும் முன் அறையில் தொங்குகிறது. அதில் நான் நல்ல மனிதன் போலத்தான் இருக்கிறேன். இலத்திரன் நுணுக்குக்காட்டி மாலை போட்டுப் படம் எடுப்பதில்லை என்பதை இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

முன்பு நீ அனுப்பிய அம்மாவின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடைய தோலை மெல்லியதாகச் சீவி, நார்களைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, இறுக்கிக் கட்டிய ஈர்க்குக் கட்டின் அடிப்பக்கம் போல இருந்தது. ஒரே அளவு வட்டங்கள், ஒன்றை ஒன்று இடிக்காமல், வரிசை தவறாமல். என்னுடையதில் அந்த வட்டங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய, விளிம்பு கிழிந்த உருவங்கள் இருந்தன. பூக்கோவாவை, அதாவது காலிஃபிளவரை, குறுக்கே வெட்டியது போல என்று நீயே முன்பு உன் தோலைப் பற்றிச் சொல்லியிருந்தாய். உன் படத்திலும் அதே பூக்கோவா. மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் பாலர் வகுப்புப் பிள்ளைகூட எது எதோடு சேரும் என்று கோடு போட்டுவிடும். இரத்தத்தில் செய்த மரபணுச் சோதனையும் அதையே சொல்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அது தேவைப்படவில்லை. நான் அப்போதே தலையைக் குனிந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்டலாம். உன் ஆய்வுகூடத்தில் தமிழ் தெரிந்தவர் இருந்தால் அவருக்கும் காட்டு. தொடுப்பிழையம் என்றால் உடம்பின் உறுப்புகளைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது என்று எத்தனையோ வருடம் உயர்தர வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு குடும்பத்தைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது எது என்று பாடத்திட்டத்தில் இல்லாததால் நான் அதைப் படிக்கவில்லை.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். ஆனால் நீ வெளிநாட்டில் இருக்கிறாய். அங்கே இருப்பவர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் எல்லாம் தாய் வழியில் வரும். குடி என்கிற வம்சப் பிரிவு தாயிடமிருந்து வரும். வீடும் வளவும் வட்டை என்கிற வயல்வெளியில் ஒரு துண்டும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கோயிலில் குடியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பங்கு கொடுக்கும்போது பிள்ளைகள் தாயின் குடிக்காகத்தான் எழுந்து போவார்கள். ஆண்பிள்ளை என்பவன் கலியாணம் முடித்து, ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேருகிறவன். நானும் அப்படித்தான் பழுகாமத்திலிருந்து வாவியைத் தாண்டி, ஒரு சூட்கேசோடும் ஒரு சைக்கிளோடும் தேற்றாத்தீவுக்கு வந்தேன். வேறொன்றும் கொண்டு வரவில்லை என்றுதான் உன் அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது சரியல்ல என்று உன் நுணுக்குக்காட்டி இப்போது நிரூபித்திருக்கிறது. நானும் சீதனம் கொண்டு வந்திருக்கிறேன்.

நீ சின்னவனாக இருந்தபோது முழங்கால் உரசினால் போதும், வாய் திறந்தது போலத் தோல் பிரியும். ஆசுபத்திரியில் தையல் போட்டால் தையலும் தோலை அறுத்துக்கொண்டு வரும். ஆறிய இடம் சிகரெட் தாள் போலச் சுருங்கிப் பளபளக்கும். யாரும் அடிக்காமலே உடம்பெங்கும் இரத்தம் கட்டிய கண்டல். ஊர்ப் பெண்கள் உன்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டி, “தாய்க் குடியில என்னவோ இருக்கு” என்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. குடியும் வளவும் தாயிடமிருந்து வரும்போது, தோல் மட்டும் என்ன தகப்பனிடமிருந்தா வரும்? பச்சைப் பட்டாணியையும் மஞ்சள் பட்டாணியையும் கரும்பலகை முழுக்கக் கீறி, பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து என்று மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பட்டாணிக்கும் தாய்க் குடி உண்டு என்பது போல நான் நடந்துகொண்டேன்.

இது யாரிடமிருந்து வந்தது என்று நீ கேட்டபோது எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். தெரியும் என்று சொன்னாலும் முழு உண்மை ஆகாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க எனக்குத் தெரிந்திருந்தது. என் பெருவிரலை மடக்கினால் முன்கையில் போய்ப் படும். முழங்கையின் தோலைப் பிடித்து இழுத்தால் இறப்பர் போல வரும். என் இரண்டு கைகளிலும் உன்னுடையதைப் போலவே பளபளக்கும் தழும்புகள் இருக்கின்றன. அதனால்தான் இந்த வெயிலில், வாவிக் காற்றும் வராத சித்திரை மாதத்தில்கூட, முழுக்கைச் சட்டை போட்டேன். ஊர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது. “சேர் எண்டா சேர்தான், ஒரு நாள் கைய மடிச்சு விட்டதில்ல” என்று சொல்லும்போது நான் மறுக்கவில்லை. உனக்கும் அதே பழக்கத்தைத்தான் பழக்கினேன். விளையாட்டுத் திடலிலும் முழுக்கை போட்ட ஒரே பையன் நீ. கேட்டால் கொசு என்றேன்.

போன விடுமுறையில் நீ வந்து, மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்தது ஞாபகம் இருக்கும். பக்கம் பக்கமாக வைத்த இரண்டு படங்களில், சாயம் ஒன்றும் போடாமல், ஒளி பட்டதும் தோலின் நார்கள் தாமாகவே பச்சையாக ஒளிர்ந்தன. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

“இது நல்ல தோல் அம்மா. இது என்ட தோல்.”

“உன்ட தோல் என்னடா மனே, கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு?”

“நார் ஒழுங்காச் சேரல்ல. அதான் இழுத்தா இழுபடுது, அடிபட்டாப் பிரியுது.”

“நான் பெத்த பிள்ளைதானே. எங்கட குடிச் சாமானாத்தான் இருக்கும்” என்றாள் அம்மா. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்று நினைத்துப் பார். உப்புக் கூடிப்போன கறிக்குப் பொறுப்பு எடுப்பது போல.

“அதைத்தான் பாக்கணும். உங்களுட்டயும் அப்பாட்டயும் மிளகளவு தோல் எடுக்கணும். ஆசுபத்திரித் தோல் டொக்டரோட கதைச்சிட்டன்.”

அம்மா அங்கேயே கையை நீட்டினாள், நீ அந்த இடத்திலேயே வெட்டி எடுக்கப் போகிறாய் என்பது போல. நான், கோயில் சடங்கு தொடங்கப் போகிறது, அந்த நாளில் உடம்பில் கத்தி படக் கூடாது என்றேன்.

“நீங்க கோயிலுக்குப் போறதே அன்னதானத்துக்கு” என்றாள் அம்மா. “அதுக்குத் தோல் முழுசா வேணுமாக்கும்?”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் பேச்சு வேறு பக்கம் போனது. ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அம்மனைக்கூட இழுத்துவிடுவான் என்பதை நீ அன்று கவனித்தாயோ தெரியவில்லை. நீ திரும்பிப் போன பிறகு சடங்கு முடிந்தது. மறுகா எனக்குச் சளி வந்தது. சளி போனதும் வயல் வேலை வந்தது. எனக்கு வயல் இல்லை என்பதும் வயல் உன் அம்மாவுடையது என்பதும் அதை அவளே பார்த்துக்கொள்வாள் என்பதும் உனக்குத் தெரியும்.

அம்மா கொடுத்த தோலின் சோதனை முடிவு முதலில் வந்தது. அவளிடம் ஒன்றும் இல்லை. நீ தொலைபேசியில் சொன்னபோது அவள் “அப்பிடியா” என்று மட்டும் சொன்னாள். அன்று இராச் சாப்பாட்டில் என் பக்கம் பார்க்கவில்லை. கறியில் உப்பு சரியாக இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரண கோழைத்தனம். அதைப் பற்றிக் கடிதம் எழுதத் தேவையில்லை. எழுத வேண்டியது உன் தங்கச்சி தர்சினியைப் பற்றி. சின்னம்மாவின் மகள் உனக்குத் தங்கச்சிதானே. அவளும் பெரியகல்லாற்றுப் பொடியன் ஒருவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். அவர்களுக்குள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். மீதி இருந்தது பெரியவர்களின் சம்மதம் மட்டும். பொடியனின் தாயும் தாய்மாமனும் சின்னம்மா வீட்டுக்கு வந்தார்கள். சின்னம்மாவின் கணவர் இல்லாததால் ஆண் துணைக்கு, பெரியப்பா என்ற முறையில், நடுக் கதிரையில் என்னை இருத்தினார்கள். நான் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு இருந்தேன்.

அந்தத் தாய் நல்ல மனிசி. சுற்றி வளைக்கவில்லை.

“குறை சொல்றன் எண்டு நினைக்காதீங்க கா. உங்கட குடியில ஒரு தோல் வருத்தம் ஓடுது எண்டு ஊருல கதைக்கிறாங்க. அக்காட மகனுக்கு இருக்காமே. நாளைக்கு எங்கட பேரப்பிள்ளைக்கும் வந்தா என்ன செய்யிற?”

சின்னம்மா உன் அம்மாவைப் பார்த்தாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அறையில் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் என்னைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற தர்சினியையும் சேர்த்துச் சொல்கிறேன். அவளுடைய சட்டையின் விளிம்பு தெரிந்தது. அம்மாவிடம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு வசனம் போதும். ஆனால் அந்த வசனத்தைச் சொன்னால் அடுத்த வசனமும் சொல்ல வேண்டி வரும். ஆகவே நான் தொண்டையைச் செருமி, படித்தவன் குரலில் சொன்னேன்:

“அது பெரிய வருத்தம் இல்லை. கவனமாக இருந்தால் சமாளிக்கலாம்.”

மகனே, ஒரு குடியையே குற்றவாளி ஆக்குவதற்கு இதைவிடக் கண்ணியமான வாக்கியம் தமிழில் இல்லை. வதந்தியாக இருந்ததை ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் உறுதிப்படுத்திவிட்டார். தாய்மாமன் தலையை ஆட்டினார். உன் அம்மா, “தேத்தண்ணி ஆறுது, குடியுங்க” என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு ஒரு முழுச் சபை கிடைத்தது. அவள் அதைத் தேத்தண்ணிக்குச் செலவழித்தாள். போகும்போது அந்தத் தாய், யோசித்துச் சொல்கிறோம் என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா முன்னால் நடந்தாள். வாசல் படலையில் நின்று, திரும்பாமலே கேட்டாள்:

“பள்ளிக்கூடத்துல எத்தனை பட்டாணி கீறினீங்க. இண்டைக்கு ஒரு பட்டாணியாவது வாயத் துறந்திச்சா?”

மறுநாள் காலையில் தர்சினி பள்ளிக்கூடம் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்க வரவில்லை. “பெரியப்பா, எனக்கும் அது இருக்குமா? நீங்க படிச்சவங்கதானே, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க” என்று தன் கையை நீட்டினாள். தோல் வழவழப்பாக, இறுக்கமாக இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, என்னிடம் இருக்கும் ஒன்றை அவளிடம் தேடுவது போல நடித்தேன். “இல்லப் புள்ள” என்றேன். “அப்ப அவங்களுட்டச் சொல்லுங்களன்” என்றாள். அவள் போன பிறகு நான் பஸ் ஏறி ஆசுபத்திரிக்குப் போனேன்.

நீ பேசி வைத்திருந்த தோல் டொக்டர் ஒரு இளம் பெண். சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள். மடித்தேன். அவள் முழங்கைத் தோலை மெதுவாக இழுத்துப் பார்த்தாள், தழும்பைத் தடவினாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“சேர், என்னை ஞாபகம் இல்லையா? உங்களுட்ட உயிரியல் படிச்சன். அந்தப் பெருவிரல் வித்தைய ஒருக்காக் காட்டுங்களன்.”

எனக்கு மறந்தே போயிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில், வகுப்பு தூங்கும்போது, பெருவிரலை மடக்கி முன்கையில் ஒட்டிக் காட்டுவேன். அதற்குச் சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும். அப்படியானால் என் கையை ஊரில் பாதிப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். நான் மறைத்தது என் வீட்டில் இருந்தவர்களிடம் மட்டும்.

“நாங்க வீட்ட போய் மடக்கிப் பாத்து, விரல் நொந்து அழுதிருக்கம் சேர்” என்றாள். “இப்பதானே தெரியுது, அது கெட்டித்தனம் இல்ல எண்டு.” பிறகு ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்து, மருந்துத் தண்ணீர் நிறைந்த சிறு போத்தலில் போட்டாள். அது அடியில் போய் உட்கார்ந்தது. இத்தனை காலம் நான் காப்பாற்றி வந்தது அவ்வளவுதான்.

படம் வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, நெடுநேரம் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். “என்னட்ட என்னத்துக்கு?” என்றாள். “பெரியகல்லாத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு எண்டு பாருங்க.”

தனியாகத்தான் போனேன். பொடியனின் தாய் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள். படத்தைக் காட்டினேன். அது அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. சட்டைக் கை இரண்டையும் மடித்து, முழங்கைத் தோலை இழுத்துக் காட்டினேன். அது விளங்கியது.

“இது என்னுடையது. என்னிடமிருந்து என் மகனுக்குப் போனது. என் மனைவியிடம் ஒன்றும் இல்லை. தர்சினி என் இரத்தம் இல்லை. அன்று நான் வாயைத் திறக்காதது என் பிழை” என்றேன். பாடம் ஒப்புவிப்பது போல எழுத்துத் தமிழில் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் யோசித்தாள். பிறகு, “அப்ப இது உங்கட தாய்ர குடி வருத்தமாக்கும்” என்றாள்.

பார்த்தாயா? ஒரு குடியிலிருந்து இறக்கி வைத்த பழி, வாவியைத் தாண்டி, பழுகாமத்தில் இருக்கும் என் சகோதரியின் மகள்மாரின் தலையில் ஏறப் பார்த்தது. தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் தர்சினியின் காரியம் அன்றே முடிந்திருக்கும். ஆட்டத்தான் தலை போனது. உண்மையில் போனது.

“இல்லை” என்றேன். “என் தகப்பனிடமிருந்து வந்திருக்கலாம். என்னோடு புதிதாகத் தொடங்கியும் இருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. குடி இல்லை. நான்.”

“ஒரு ஆளுக்கெண்டு தனியா வருத்தம் இருக்குமா?” என்றாள், நம்பாமல்.

“இருக்கும்.”

அவள் என் மடித்த கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “பாவம், வெயிலுக்க மூடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறீங்க” என்றாள். “மோர் குடிக்கிறீங்களா?” இந்த வருடம் எனக்குக் கிடைத்த தண்டனைகளில் அந்த மோர்தான் பெரியது. முழுவதையும் குடித்தேன்.

அடுத்த கிழமையே அவர்கள் மறுபடி வந்தார்கள். ஆவணியில் கலியாணம். எப்படியும் வா.

அங்கே ஒரு பெண்ணைப் பற்றி நீ அம்மாவிடம் சொல்லியிருக்கிறாயாம். நான் புத்தி சொல்லும் தகுதியில் இல்லை. ஆனாலும் தகப்பன்மார் தகுதி பார்த்துப் புத்தி சொல்வதில்லை. உன் பிள்ளைக்கு இது வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் சம வாய்ப்பு என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை அவள் கேட்கும் முன்பே சொல். உன் கையை அவளுக்குக் காட்டு. நுணுக்குக்காட்டிக்குக் காட்டியதை உன்னோடு வாழப் போகிறவளிடம் மறைக்காதே. பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லும் நிலையை அவளுக்கு வைத்துவிடாதே.

நேற்று அம்மா காத்தான்குடிக்குப் போய், கலியாணத்துக்கு எனக்குச் சட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அரைக்கைச் சட்டை. கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு மெலிந்த கைகள் தெரிந்தன. எனக்கே பழக்கமில்லாத கைகள்.

உனக்கும் ஒன்று எடுக்க வேண்டுமாம். கழுத்தளவு என்ன என்று கேட்கிறாள். கையின் நீளம் கேட்கவில்லை.

அப்பா